கட்டை வண்டி, வில்வண்டி, அம்பாசிடர்: வண்டியைத் தாழ்த்துவதன் கதை



இன்னைக்கு காய்ச்சல், சுகர், மாத்திரை எதுவும் இல்லை. கார் சஸ்பென்ஷன் பற்றி ஒரு நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ வாங்கி, பெரிய செலவு இல்லாமல் பாடியை இறக்கி, தரையை ஒட்டி ஓட்டணும் என்ற ஆசை நம்ம திண்டுக்கல் பசங்க சிலருக்கு வந்திருக்கிறது. "டாக்டர், பண்ணலாமா?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

பண்ணலாம். எப்படி, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எம்.பி.பி.எஸ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், ரோட்டுக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் நடுவில் இருப்பது டயரும் ஸ்பிரிங்கும் சீட்டு பஞ்சும்தான். அவை செய்யாமல் விட்ட வேலையை முதுகெலும்பு செய்யும். அதுக்கு அப்புறம் நீங்கள் வந்து நிற்கும் இடம் எங்கள் ஓ.பி.

முதலில் ஸ்பிரிங்கின் கதை.

நம்ம ஊரில் இதைச் சொல்ல இங்கிலீஷ் வார்த்தையே தேவைப்படவில்லை. கட்டை வண்டி, வில்வண்டி என்று தாத்தா காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். கட்டை வண்டியில் பாரம் நேராக அச்சின் மேல் உட்காரும். நெல் மூட்டைக்கு அது போதும், மூட்டைக்கு முதுகு வலிக்காது. வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். அதுதான் வில். இன்றைக்கு லாரிக்கு அடியில் நாம் பார்க்கும் பிளேட் செட் அந்த வில்லின் பேரன்.

1804-ல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர், இரண்டு வில்லை எதிரெதிராகச் சேர்த்த நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கோச்சு வண்டிகளுக்கு அடியில் முன்னச்சையும் பின்னச்சையும் சேர்க்க ஒரு கனமான நீளச்சட்டம் தேவைப்பட்டது. எலியட்டின் ஸ்பிரிங் வந்ததும் அந்தச் சட்டத்தை எடுத்துவிட முடிந்தது. வண்டி லேசானது, உயரமும் குறைந்தது.

கவனிச்சீங்களா? வண்டியைத் தாழ்த்துவது நேற்று யூடியூபில் வந்த வேலை இல்லை. ஸ்பிரிங் நல்லா வேலை செய்ய ஆரம்பித்ததன் பலனாகத்தான் வண்டி தாழ்ந்தது. ஸ்பிரிங்கைக் கெடுத்துத் தாழ்த்தும் பழக்கம் பின்னால் வந்தது.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாம் வகுப்பு அளவுதான்.

வண்டியின் எடை ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறதோ, அதைப் பொறுத்து வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது முடிவாகிறது. 25 செ.மீ. அமுங்கி நின்றால் நொடிக்கு ஒரு ஆட்டம். 6 செ.மீ. அமுங்கினால் இரண்டு. ஒன்றரை செ.மீ. மட்டும் அமுங்கும் கல் மாதிரி ஸ்பிரிங் என்றால் நான்கு.

நாம் நடக்கும்போது உடம்பு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஒன்று, ஒன்றரை, இரண்டு எல்லாம் உடம்புக்குப் பழகின ஆட்டம். ஆனால் உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு நொடிக்கு 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வைத்தான் மிக மோசமாக உணரும். அந்த வேகத்தில் இடுப்பும் வயிறும் முதுகுத்தண்டும் சேர்ந்து ஒத்து ஆட ஆரம்பிக்கும், சீட்டில் வரும் அதிர்வு உடம்புக்குள் பெருகும். டிராக்டர் ஓட்டுபவர்கள் நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு ஓ.பி.க்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். டிராக்டரின் பின்னச்சில் ஸ்பிரிங்கே இருக்காது.

அதனால்தான் வில்வண்டி வெறும் சொகுசு இல்லை. அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் ஒரு சரித்திரம்.

1893-ல் திருவிதாங்கூரில், திருவனந்தபுரம் பக்கம் வெங்ஙானூரில் அய்யன்காளி என்ற இளைஞர் காளை பூட்டிய ஒரு வில்வண்டி வாங்கினார். அவர் புலையர் சமூகம். அந்தச் சமூகத்தினர் பொதுச் சாலையில் நடப்பதற்கே தடை இருந்த காலம். அவர் தலைப்பாகை கட்டி, அந்த வண்டியில் ஏறி, பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். தடுத்தார்கள், தாக்கினார்கள். அவர் இறங்கவில்லை. கேரளத்தில் இன்றைக்கும் அதை வில்லுவண்டி யாத்திரை என்றே சொல்கிறார்கள். நடந்தே போய் எதிர்ப்பைக் காட்டியிருக்கலாம். ஆனால் மேல்சாதி ஆட்கள் போகும் அதே வில்வண்டியில், அதே உயரத்தில் உட்கார்ந்து போனதுதான் அவர்களைச் சுட்டது.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் எந்த உயரத்தில் உட்கார்ந்து போகிறோம் என்பதை வைத்து இன்னொரு ஊரிலும் சண்டை நடந்தது. அங்கே போவதற்கு முன்னால் நம்ம அம்பாசிடர்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் தொடங்கியது. பிறகு மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் தொழிற்சாலை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வாங்கி, முதலில் லேண்ட்மாஸ்டர், பிறகு 1950களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து அம்பாசிடர். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இடையில் முகப்பு மாறியது, இன்ஜின் மாறியது, டீசல் வந்தது, இசுசு இன்ஜின் வந்தது. அந்த உருண்டை உடம்பு மாறவில்லை.

மோரிஸ் என்ற பெயரைச் சொன்னதும் மருத்துவனாக ஒரு இடைச்செருகல் போட்டே ஆகணும். வில்லியம் மோரிஸ், பின்னாளில் நஃபீல்டு பிரபு, சைக்கிள் ரிப்பேரில் ஆரம்பித்துக் கார் கம்பெனி கட்டியவர். கார் விற்ற காசில் 1937-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மயக்க மருத்துவத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்க வைத்தார். அதில் உட்கார்ந்தவர் ராபர்ட் மெக்கின்டாஷ். அவர் 1943-ல் வடிவமைத்த வளைந்த பிளேடு வைத்த லாரிங்கோஸ்கோப்பை வைத்துத்தான் இன்றைக்கும் நாங்கள் நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடுகிறோம். 1938-ல் போலியோ நோயாளிகளுக்காக, தன் கார் தொழிற்சாலையிலேயே இரும்பு நுரையீரல் இயந்திரங்கள் செய்து, பிரிட்டனிலும் அதன் ஆட்சியில் இருந்த நாடுகளிலும் உள்ள மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். ஏறக்குறைய 1,700 இயந்திரங்கள். அம்பாசிடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அம்பாசிடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார். வண்டிக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு எஃகுக் கம்பிகள். ஒரு முனை சக்கரத்தின் கையோடு சேர்ந்திருக்கும், மறுமுனை சேஸிஸ் பக்கம் பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், ஈரத்துணியைப் பிழிவது மாதிரி. முறுக்கு விடும்போது சக்கரம் கீழே வரும். 1934-ல் சிட்ரோயன் பிரான்ஸில் முன்சக்கரத்தில் இழுக்கும் காரில் இதைப் போட்டது. 1948-ல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனரில் இது வந்தது. அதன் பெரிய அண்ணன் ஆக்ஸ்ஃபோர்டிலும் வந்தது. அப்படியே உத்தர்பாரா வழியாக நம்ம பஸ் ஸ்டாண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்தது. பின்பக்கம் நம்ம பழைய வில்தான், பட்டை ஸ்பிரிங்.

சக்கரம் 15 அங்குலம். பாடி உயரம். சீட்டு, நின்றுகொண்டிருப்பவரின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.

இந்த உயரத்தைப் பார்த்து "பழைய மாடல், அசிங்கமா இருக்கு" என்பவர்களுக்கு ஒன்று சொல்லணும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் இருந்து பிரசவ வலியோடு, பாம்புக்கடியோடு, இடுப்பு எலும்பு முறிவோடு ஆட்கள் எதில் வந்திருப்பார்கள்? வசதி இருந்தால் வாடகை அம்பாசிடர். இல்லையென்றால் டெம்போ, மாட்டு வண்டி. நீளமான பின்சீட்டில் ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம். மூட்டு தேய்ந்த பாட்டி குனியாமல், முட்டியை மடக்காமல் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரலாம். சீட்டு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, எழுந்திருக்கும்போது முட்டியில் அவ்வளவு சுமை. அந்த உயரம் மண் ரோட்டுக்கும் பொருத்தம், நம் உடம்புக்கும் பொருத்தம்.

இப்போ அந்த இன்னொரு ஊர்: அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அங்கே இருந்த மெக்சிக அமெரிக்க இளைஞர்களிடம் புதுக் கார் வாங்கப் பணம் இல்லை. பழைய ஷெவ்ரலே வாங்கினார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய காரை வேகமாக ஓடுவதற்காக மாற்றினார்கள். இவர்கள் நேர் எதிர். மெதுவாக, தாழ்வாக, அழகாக ஓட்டணும். அதுதான் லோரைடர்.

எப்படித் தாழ்த்தினார்கள்? டிக்கியில் மணல் மூட்டை. அவ்வளவுதான். உலகத்திலேயே மலிவான சஸ்பென்ஷன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூட்டையை ஏற்று, திங்கட்கிழமை இறக்கிவிட்டு வேலைக்குப் போ. பிறகு சுருள் ஸ்பிரிங்கை வெட்டினார்கள், பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்தார்கள். நம்ம ஊர்ப் பசங்க இன்றைக்கு பண்ணும் எல்லாமே அங்கே எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே பண்ணியாச்சு.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1958 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம்: சக்கர ரிம்மின் அடிப்பகுதியை விடக் கீழே காரின் எந்தப் பாகமும் தாழும்படி மாற்றக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டயர் பஞ்சர் ஆனால் பாடி தரையில் இடிக்கும், இல்லையா? ஆனால் நடைமுறையில் போலீஸ் கையில் அது பழுப்புத்தோல் பசங்களை நிறுத்த ஒரு காரணமாக இருந்தது என்பது அந்தச் சமூகத்தின் நீண்ட காலப் புகார்.

அடுத்த வருஷமே, 1959-ல், ரான் அகுயிரே என்ற இளைஞர் தன் கார்வெட் காரில் விமானத்தின் பழைய ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் இறங்கும், மறுபடி தட்டினால் ஏறும். போலீஸ் வந்தால் மேலே, போனதும் கீழே. சட்டத்தை மீறாமல் சட்டத்தைப் பார்த்துச் சிரித்த ஒரு இன்ஜினியரிங். அந்தப் பழைய சட்டப்பிரிவை கலிபோர்னியா 2024 ஜனவரியில் இருந்துதான் விலக்கியது.

அய்யன்காளி ஏறிப் போனார், இவர்கள் இறங்கிப் போனார்கள். ரோடு எங்களுக்கும் சொந்தம் என்பதுதான் இரண்டு பேரும் சொன்னது. அதனால் "வண்டியைத் தாழ்த்துறவன் எல்லாம் ரவுடி" என்று பேசும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கையில் காசு இல்லாதவன் தன் கையால் செய்த கலை அது.

நம்ம பக்கத்திலும் தாழ்த்துவதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல வருஷம் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு ரேஸ் அங்கே போனது. சோழவரத்தில் ஓடியவற்றில் நம் வீட்டு ஃபியட்டும் உண்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உண்டு. ரேஸ் காரைத் தாழ்த்துவது அழகுக்கு இல்லை. எடையின் மையம் கீழே வந்தால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும், நாலு டயரும் தரையைப் பிடிக்கும்.

அதில் ஹெரால்டு நம்ம ஊர்க் கார். 1961-லிருந்து சென்னையில் செய்தார்கள். அதன் பின்சக்கரங்களின் அச்சு நடுவில் மடங்கும் ரகம். வேகமாக வளைவில் திருப்பினால் பின்பக்கம் தூக்கும், சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும், வண்டி சட்டென்று சுழலும். இந்தக் காருக்கு மட்டும் பின்பக்கத்தை அளவாகத் தாழ்த்துவது நன்மையே செய்யும், ஏனென்றால் சக்கரத்தின் அடி முதலிலிருந்தே கொஞ்சம் வெளியே விரிந்து நிற்கும். 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கஸெலில் அந்த அச்சையே எடுத்துவிட்டு, மடங்காத நேர் அச்சு போட்டார்கள்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். சோழவரம் ஓடுதளத்தில் ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. பின்சீட்டில் பாட்டியும் கிடையாது.

இப்போ நம்ம பட்டறைக்குள்ளே போவோம். காசு குறைவாக வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது?

அம்பாசிடர் முன்பக்கம்: டார்ஷன் பாரின் முனையில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். அந்தப் பற்களைக் கழற்றி, கம்பியைக் கொஞ்சம் திருப்பி மறுபடி கோர்த்தால் வண்டியின் உயரம் மாறும். புதிதாக ஒரு பாகமும் வாங்க வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாம் என்றால் பழைய இடத்துக்கே திருப்பலாம். கம்பியின் விறைப்பும் மாறாது. மலிவாகத் தாழ்த்த இதைவிடச் சுத்தமான வழி வேறு காருக்கு அமைவது அரிது. ஆனால் முறுக்கிய கம்பியில் ஒரு காரின் எடை அடங்கியிருக்கிறது. பாரத்தை முறையாக எடுக்காமல் கழற்றினால் தாடையோ கையோ உடையும். பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்க வேண்டும். இறக்கின பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். அந்தக் காசை மிச்சம் பிடித்தால் டயர் உள்பக்கமாகத் தேய்ந்து, நாலுவழிச் சாலையில் வெயில் நேரத்தில் வெடிக்கும்.

பின்பக்கம்: பட்டை ஸ்பிரிங்குக்கு மேலே அச்சு உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்தால் பாடி அந்த அளவு இறங்கும். கட்டை என்றதும் மரக்கட்டை எடுத்து வராதீங்க. இரும்பு அல்லது அலுமினியம், லேத்தில் சதுரமாகக் கடைந்தது, சென்டர் போல்ட்டின் தலை சரியாக உட்காரக் குழியும், மேலே அதே மாதிரி ஒரு குமிழும் வைத்தது. யூ போல்ட் நீளமாகப் புதிதாகப் போட வேண்டும். பழைய யூ போல்ட்டில் இரண்டு மரை மட்டும் பிடிக்க வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அச்சு இடம் மாறினால் பிரேக் பைப்பும் கூடவே போகும். கட்டை இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. உயரம் கூடக் கூட, பிரேக் பிடிக்கும்போது அச்சு அதன் மேல் முறுக்கிக்கொள்ளும்.

அல்லது பட்டறையில் பிளேட்டின் வளைவைக் குறைத்து வாங்கலாம். குளிர்ந்த நிலையிலேயே தட்டி வளைவைச் சரிசெய்யத் தெரிந்த ஸ்பிரிங் பட்டறைக்காரர் கிடைத்தால் இதுவும் நல்ல வழி.

இனி செய்யக் கூடாதவை.

கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துவது. ஐந்து நிமிஷ வேலை, செலவே இல்லை, அதனால்தான் ஆபத்து. ஸ்பிரிங் எஃகு பதம் போட்டது. சிவக்கக் காய்ச்சிக் குளிரச் செய்து, மறுபடி அளவாகச் சூடேற்றி எடுத்த குணம் அது. ஒரு இடத்தில் மட்டும் நெருப்பைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஒன்று தொங்கும், இல்லையென்றால் ஒரு நாள் முறியும். பூட்டுக்குப் பேர் போன ஊரில் இரும்பின் பதம் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இருக்கும் பழைய பட்டறைக்காரரைக் கேளுங்கள், என்னைவிட நல்லா திட்டுவார்.

சுருள் ஸ்பிரிங்கை வெட்டுவது. இது ஃபியட்டின் முன்பக்கத்துக்கு. எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் ஏறக்குறைய 14 சதவீதம் விறைப்பாகும். சுற்று குறைந்தால் கம்பி குறைகிறது, கம்பி குறைந்தால் வளையும் இடம் குறைகிறது. அரைச் சுற்று, ஒரு சுற்று வரை, அதுவும் நெருப்பு இல்லாமல் கட்டிங் வீலில், முனை இருக்கையில் ஒழுங்காக உட்காரும்படி வெட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தை விட்டே நகரும்.

பிளேட்டை உருவி எடுப்பது. ஆறு பிளேட்டில் ஒன்றை எடுத்தால் பாடி இறங்கும், ஆட்டம் மிருதுவாகவும் இருக்கும். முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஆறு பேர் தூக்கினதை ஐந்து பேர் தூக்குகிறார்கள். பழனிக்குக் குடும்பத்தோடு போகும் அன்று கணக்கு வரும்.

அந்தக் கணக்கைத்தான் நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

இந்திய சாலைப் பேரவையின் அளவுப்படி ஸ்பீடு பிரேக்கர் என்பது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த ஒரு மேடு. அம்பாசிடரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் 2.46 மீட்டர். அந்த மேட்டின் நடுவில் வண்டி நிற்கும்போது வயிற்றுக்கு அடியில் குறையும் இடைவெளி ஏறக்குறைய நாலரை செ.மீ. மட்டும்தான்.

உங்கள் வண்டியின் மிகத் தாழ்வான இடம் தரையிலிருந்து 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ. இறக்கினால் 11. ஐந்து பேர் ஏறினால் இன்னும் ஒரு 4 இறங்கும், மிச்சம் 7. முறைப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கரில் நாலரை போக இரண்டரை மிச்சம். தப்பிச்சாச்சு.

ஆனால் நம்ம ஊர்த் தெருவில் முறைப்படியா இருக்கிறது? யாரோ ராத்திரியில் ஒரு முழ அகலத்துக்குத் தாரையோ கான்கிரீட்டையோ கொட்டி, 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டியிருப்பார்கள். வரப்பு சக்கரங்களுக்கு நடுவில் வரும்போது முழு 10 செ.மீ. போகும். 7-ல் 10 போகாது. ஆயில் சம்ப் அடிபடும், சைலன்சர் கிழியும். தாழ்த்தாத அம்பாசிடர் அதே ஐந்து பேரோடு, அதே வரப்பை 2 செ.மீ. மிச்சத்தில் தாண்டிவிடும்.

சம்ப் போனால் போகட்டும், மாற்றிக்கலாம். நான் சொல்ல வந்தது அடுத்த கணக்கு.

அச்சுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு தடுப்பு ரப்பர் இருக்கும். சக்கரம் அதற்கு மேல் ஏற முடியாது. ஆள் இல்லாத வண்டியில் அந்த இடைவெளி 9 செ.மீ. என்று வையுங்கள். கட்டை வைத்து 5 செ.மீ. குறைத்தால் மிச்சம் 4. ஐந்து பேர் ஏறி 4 இறங்கினால் மிச்சம் பூஜ்யம். வண்டி ஸ்பிரிங் மேல் நிற்கவில்லை, ரப்பர் மேல் நிற்கிறது. ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. நீங்கள் காசு கொடுத்து வில்வண்டியைக் கட்டை வண்டியாக மாற்றியிருக்கிறீர்கள்.

தனியாக ஓட்டிப் பார்க்கும் 25 வயது பையனுக்கு இது தெரியவே தெரியாது. அவனுக்கு முன்சீட்டு, இரண்டு அச்சுக்கும் நடுவில். அவன் எலும்பு கெட்டி. பின்சீட்டு பின்னச்சுக்குப் பக்கத்தில். அங்கே உட்காருவது யார்? அம்மா, பாட்டி.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். வெளியே ஒன்றும் தெரியாது, வலிக்காது. அப்படி மெலிந்த எலும்போடு உட்கார்ந்திருக்கும்போது கீழிருந்து ஒரே ஒரு பலமான குத்து வந்தால், நெஞ்சு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடத்தில் உள்ள எலும்பு முன்பக்கமாக நசுங்கும். எக்ஸ்ரேயில் ஆப்பு மாதிரி தெரியும். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையில் தூக்கிப் போடப்பட்ட பெண்களிடம் பார்க்கும் முறிவு இது. "கீழே விழவே இல்லை டாக்டர், பஸ் தூக்கிப் போட்டுச்சு, அவ்வளவுதான்" என்பார்கள். பல வாரம் படுக்கை. சிலருக்கு நிரந்தரமாகக் கூன்.

அதனால் தாழ்த்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லாரையும் வண்டியில் ஏற்றி, ஒரு டேப்பை எடுத்து, அந்த ரப்பருக்கும் அச்சுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அளங்கள். அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் தொடாதீங்க. அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு அங்குலத்தில் நின்றுவிடுவீர்கள். ஒரு அங்குலம் குறைந்தாலே அம்பாசிடரின் தோற்றம் மாறிவிடும், நம்புங்க. இன்னும் தாழ்வாகத் தெரியணும் என்றால் டயரைப் பாருங்கள். பக்கச்சுவர் குறைந்த டயர் போட்டால் வண்டி இறங்கும், ஆனால் ஸ்பிரிங் ஆடும் இடம் அப்படியே இருக்கும். வண்டியின் எடையைத் தாங்கும் டயரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது நல்லதுதான்.

பின்பக்கம் மட்டும் இறக்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹெட்லைட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்யுங்க. வண்டி மூக்கைத் தூக்கினால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வத்தலக்குண்டு ரோட்டில் எதிரே ஹெல்மெட் போடாமல் ஒருத்தர் வந்துகொண்டிருப்பார்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்தில் இருந்து வந்த வழக்கில் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அடியில் குனிந்துதான் பார்க்கும்.

இன்னொரு விதி நிறைய பேருக்குத் தெரியாது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. 1970களின் முற்பாதியில் வந்த அம்பாசிடர்கள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் எதைக் கழற்றினாலும் பழைய யூ போல்ட், பிளேட், வாஷர் வரைக்கும் எண்ணெய் தடவி, ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். டார்ஷன் பாரில் எந்தப் பல் எங்கே இருந்தது என்று கழற்றுவதற்கு முன்னாலேயே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.